வீட்டு வைஃபை மெதுவாக இருக்கிறதா? அறிகுறியை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம்

வீட்டில் நெட் மெதுவாக வந்தால் பெரும்பாலும் இரண்டு காரியம் நடக்கும். முதலில் வைஃபை பெட்டியை அணைத்துப் போடுவோம். அதிலும் சரியாகாவிட்டால் பிளானை உயர்த்துவோம். 100 எம்பிபிஎஸ் 200 ஆகும், மாதக் கட்டணம் ஏறும், கடைசி அறையில் வீடியோ மட்டும் முன்பு போலவே சுற்றிக்கொண்டிருக்கும். சொந்தக்காரர்கள் வீடுகளில் இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பணம் வீணாவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெருவிலிருந்து பெட்டி வரை ஃபைபரில் வருவது ஒரு பாதை. பெட்டியிலிருந்து உங்கள் போன் வரை காற்றில் போவது இன்னொரு பாதை. பிளானை உயர்த்தினால் முதல் பாதைதான் அகலமாகும். நான் பார்த்த வீடுகளில் முக்கால்வாசிக்குக் கோளாறு இரண்டாவது பாதையில் இருந்தது.

ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. கணினியிலோ போனிலோ பிங், அதாவது ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் வசதியைத் திறந்து, இரண்டு முகவரிகளை மாறி மாறிப் பாருங்கள். ஒன்று உங்கள் பெட்டியின் முகவரி. அது பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. மற்றொன்று வெளியே இருக்கும் கூகுள் சர்வரின் முகவரி, 8.8.8.8. பெட்டிக்குப் போய்வர 2 முதல் 5 மில்லிசெகண்ட் ஆனால் காற்றுப்பாதை நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாம். அதுவே 80, 150, 300 என்று துள்ளினால் கோளாறு வீட்டுக்குள்தான், கம்பெனிக்குப் போன் செய்து பயனில்லை. பெட்டிக்கு நன்றாகப் போய்வந்து 8.8.8.8 மட்டும் தள்ளாடினால் வெளிப்பாதையைச் சந்தேகியுங்கள். இந்தச் சோதனையை நெட் மெதுவாக இருக்கும் அந்த நேரத்திலேயே, நீங்கள் வழக்கமாக உட்காரும் அந்த இடத்திலேயே செய்ய வேண்டும். காலையில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று செய்துவிட்டு "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிடக் கூடாது.

சரி, இனி அறிகுறிகள்.

பெட்டிக்குப் பக்கத்திலேயே வேகம் இல்லை

முதலில் கணக்கு. பிளானில் சொல்வது மெகாபிட், டவுன்லோடு காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். 100 எம்பிபிஎஸ் பிளானில் ஒரு கோப்பு நொடிக்கு 12 மெகாபைட் இறங்கினால் உங்களுக்கு வரவேண்டியது முழுதாக வருகிறது. அடுத்து, மாத டேட்டா அளவு முடிந்துவிட்டதா என்று நெட் கம்பெனியின் செயலியில் பாருங்கள். வரம்பில்லாதது என்று விற்கப்படும் பிளான்களிலும் ஒரு அளவுக்குப் பிறகு வேகம் குறைக்கப்படுவது உண்டு.

இரண்டும் சரியென்றால் லேன் கேபிளில் ஒரு லேப்டாப்பைப் பெட்டியோடு நேராக இணைத்து ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். கேபிளில் முழு வேகம் வந்து வைஃபையில் வராவிட்டால், போன் எந்த அலைவரிசையில் இருக்கிறது என்று பாருங்கள். பல பெட்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே பெயரில் ஒளிபரப்பும். போன் தனக்குப் பிடித்ததைப் பிடித்துக்கொள்ளும், அது சில நேரம் மெதுவானதாக இருக்கும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால் எதில் இருக்கிறோம் என்ற குழப்பம் தீரும். செட்டிங்கில் 5ஜி என்று எழுதியிருப்பதைப் பார்த்து மொபைல் 5ஜி என்று நினைக்க வேண்டாம், அங்கே அது 5 கிகாஹெர்ட்ஸைத்தான் குறிக்கிறது.

கேபிளிலும் 94, 95-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறதா? இந்த எண்ணை நினைவில் வையுங்கள். என் அத்தை வீட்டில் 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. எத்தனை முறை சோதித்தாலும் 94. ஃபைபர் பெட்டியிலிருந்து, வைஃபையைப் பரப்பும் தனி ரவுட்டருக்குப் போகும் கேபிளை இணைப்புக் கொடுக்க வந்தவர் பழைய கேபிளிலிருந்து வெட்டிப் போட்டிருந்தார். ஒரு ஜிகாபிட் வேகத்துக்கு லேன் கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேலை செய்ய வேண்டும். ஒரு ஜோடி அறுந்தாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடும், அதற்கு இரண்டு ஜோடி போதும். 100 மெகாபிட் இணைப்பில் நிஜமாகக் கிடைப்பது 94 சொச்சம். புதுக் கேபிள் ஒன்றை மாட்டியதும் 200 வந்தது. சில பழைய ரவுட்டர்களின் துளைகளே 100-க்கு மேல் போகாதவை. அப்போது கேபிளை மாற்றிப் பயனில்லை, ரவுட்டரைத்தான் மாற்ற வேண்டும்.

பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று அர்த்தம், லைன்காரரைக் கூப்பிடுங்கள். சிவப்பு எரியாமலே ஒளி மங்குவதும் உண்டு. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று, வந்துசேரும் ஒளியின் பலத்தைக் காட்டும் ஒரு எண் இருக்கும். வீட்டு ஃபைபர் பெட்டிகளுக்கு மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் வரை வேலைக்காகும் எல்லை. மைனஸ் 27-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால், டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் அந்த மெல்லிய ஒயர் மடங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். ஃபைபர் கண்ணாடி இழை. இறுக்கி வளைத்தால் ஒளி வழியிலேயே கசிந்துவிடும். ஆனால் அதைக் கழற்றி முனையைக் கண்ணால் பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் தொடவிடாதீர்கள். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

கூடத்தில் பறக்கிறது, படுக்கையறையில் தவழ்கிறது

இதுதான் நம் வீடுகளின் முதல் நோய். நோய்க்குக் காரணம் நம் கட்டுமானம். வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் மரச்சட்டத்து மெல்லிய சுவரைப் பெரிய தடையில்லாமல் கடக்கும் அலை, நம்முடைய ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் பாதிக்கு மேல் தேய்ந்துவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் தூண், லிப்ட் சுவர், மேல் தளம் என்றால் இன்னும் மோசம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, கொஞ்சம் தூரம் தாக்குப்பிடிக்கும்.

சுவரைவிட மோசமானவை வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. இரும்பு பீரோ அலைக்கு ஒரு முழுத் தடுப்பு. ஆளுயரக் கண்ணாடியின் பின்பக்கம் உலோகப் பூச்சு உண்டு. மீன்தொட்டி, தண்ணீர் டிரம், ஃபிரிட்ஜ் எல்லாம் அதே வகைதான். ஆனால் பெட்டியை நாம் வைப்பது எங்கே? வாசலை ஒட்டி ஒயர் நுழைந்த மூலையில், டிவிக்குப் பின்னால், அல்லது பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று ஷோகேஸ் கதவுக்குள். வீட்டின் ஒரு ஓரத்தில் பெட்டியை வைத்தால் பாதி அலை தெருவுக்குத்தான் போகிறது.

போனில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டு அறை அறையாக நடந்து பாருங்கள். சிக்னல் பலத்தைக் காட்டும் எண் மைனஸில் வரும். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ காலுக்குத் தாங்கும். மைனஸ் 75 தாண்டினால் படம் உடையும், 80-ஐத் தாண்டினால் இணைப்பே விட்டுவிட்டு வரும். மூன்று எண் குறைந்தால் வந்து சேரும் சக்தி பாதியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பீரோவுக்கு முன்னும் பின்னும் நின்று அந்த எண்ணை ஒருமுறை பார்த்தால் போதும், பெட்டியை எங்கே வைக்க வேண்டும் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

செய்ய வேண்டியது: பெட்டியை வீட்டின் நடுப்பகுதிக்கு, நாலைந்து அடி உயரத்துக்கு, நாலு பக்கமும் திறந்த இடத்துக்குக் கொண்டுவருவது. ஃபைபரை நீட்ட முடியாவிட்டால் பெட்டியை அங்கேயே விட்டு, லேன் கேபிள் ஒன்றை நடு அறைக்கு இழுத்து அங்கே ஒரு ரவுட்டர் வையுங்கள். வெளியில் நீட்டிய ஆன்டெனா என்றால், அது பக்கவாட்டில்தான் அதிகம் வீசும், நுனி காட்டும் திசையில் மிகக் குறைவு. ஆகவே ஒரே தளத்துக்கு எல்லாவற்றையும் நேராக நிறுத்துங்கள். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றைப் படுக்கப் போடுங்கள்.

ரிப்பீட்டர் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் பதில், முடிந்தவரை வேண்டாம். விலை குறைந்த ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திரும்பச் சொல்கிறது. ஒரே செய்தி காற்றில் இரண்டு முறை போகிறது, வேகம் ஏறக்குறைய பாதி. வாங்கிவிட்டீர்கள் என்றால் சிக்னல் இல்லாத அறையில் வைக்காதீர்கள். நன்றாக வரும் இடத்துக்கும் வராத இடத்துக்கும் நடுவில் வையுங்கள். தனக்கே சரியாகக் கேட்காததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? ஒன்றோடொன்று பேசி ஒரே வலையாக இயங்கும் மெஷ் வகைப் பெட்டிகள் இதைவிட மேல். அவற்றையும் கேபிளால் இணைத்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன் தெரியும். புது வீடு கட்டுகிறவர்கள் ஒவ்வொரு அறைக்கும் ஒரு லேன் கேபிள் போகும்படி பைப் போட்டுவிடுங்கள். சுவர் பூசிய பிறகு அந்த வேலைக்கு ஆகும் செலவும் தூசியும் கொஞ்சநஞ்சம் இல்லை.

பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் மெதுவாகிறது, காரணமே தெரியவில்லை

இந்த அறிகுறிதான் என்னை அதிகம் அலைக்கழித்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வைஃபையின் அலைவரிசைக்குள் சேனல்கள் என்று எண் போட்ட தடங்கள் உண்டு. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ரேஷன் கடை வரிசை மாதிரி. ஒவ்வொரு கருவிக்கும் முறை வரும், ஆனால் ஒருவர் தன் முறையில் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பது அவருடைய வேகத்தைப் பொறுத்தது. பெட்டிக்குப் பக்கத்தில் 300 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசும் லேப்டாப் 1 மெகாபைட்டை அனுப்ப நொடியில் முப்பதில் ஒரு பங்குகூட எடுக்காது. தூரத்தில் சிக்னல் இல்லாமல் 6 எம்பிபிஎஸ் வேகத்தில் திணறும் கருவி அதே 1 மெகாபைட்டுக்கு ஒன்றே கால் நொடிக்கு மேல் எடுக்கும். ஐம்பது மடங்கு. அது முடியும்வரை அந்தச் சேனலில் எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

நண்பர் ஒருவர் வீட்டில் சாயங்காலம் முழுக்க நெட் இழுத்தது. புது ரவுட்டர் மாற்றியும் பலன் இல்லை. கடைசியில் பார்த்தால், வாசல் கேட்டில் மாட்டிய வைஃபை கேமரா. இரண்டு சுவரும் ஒரு இரும்புக் கேட்டும் தாண்டி, மைனஸ் 82-இல், 6 எம்பிபிஎஸ் வேகத்தில் தொங்கிக்கொண்டு, நாள் முழுவதும் 2 எம்பிபிஎஸ் வீடியோவை மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. கேமராவுக்கு வெறும் 2 எம்பிபிஎஸ்தானே என்றுதான் தோன்றும். ஆனால் 6-இல் 2 என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸின் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. இடைவெளியும் மறுமுயற்சியும் சேர்த்தால் இன்னும் அதிகம். கேமராவுக்குக் கேபிள் போட்டோம். உள்ளே இருந்த போன்கள் எல்லாம் அன்றே சரியாகிவிட்டன.

ஆகவே பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்து, இணைப்பு வேகம் எதற்கு மிகக் குறைவு என்று பாருங்கள். கேமரா, பழைய பிரிண்டர், அலமாரியில் கிடக்கும் பழைய டேப்லெட் என ஒன்றாவது இருக்கும். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். நகராத கருவிகளான டிவி, கணினி, கேமராவுக்கு முடிந்தவரை கேபிள். போன், லேப்டாப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸ். 2.4-ஐ ஸ்மார்ட் பல்பு, பிளக் போன்ற சின்னக் கருவிகளுக்கு விட்டுவிடலாம். பட்டியலில் தெரியாத பெயர் ஏதாவது இருந்தால் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

ராத்திரி 8 மணியிலிருந்து 11 மணி வரை மட்டும்

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறீர்களா? முதலில் அந்த நேரத்தில் கேபிளில் சோதியுங்கள். கேபிளிலும் மெதுவென்றால் நெரிசல் உங்கள் வீட்டில் இல்லை. ஃபைபரில் ஒரு கிளையை 32 அல்லது 64 வீடுகள் வரை பங்கிட்டுக்கொள்வது வழக்கம், அதற்கு மேலே கம்பெனியின் பாதையும் நிரம்பியிருக்கலாம். நாலைந்து நாள் தேதி, நேரம், கேபிளில் வந்த வேகம் மூன்றையும் எழுதி வைத்துப் புகார் கொடுங்கள். "நெட் ஸ்லோவா இருக்கு" என்று சொன்னால் பெட்டியை அணைத்துப் போடச் சொல்வார்கள். எண்களைச் சொன்னால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

கேபிளில் நன்றாக இருந்து வைஃபையில் மட்டும் மெதுவென்றால் காரணம் அக்கம்பக்கத்துப் பெட்டிகள். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் 2005-இல் உரிமம் தேவையில்லாத பகுதியானது. அதன் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ்தான். அதில் 13 சேனல் எண்கள் இருந்தாலும், அவை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்க, ஒரு வைஃபை 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கேட்கிறது. ஒன்றோடொன்று உரசாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 மூன்றே. 1-உம் 6-உம் நிரம்பியிருக்கிறதே, நடுவில் 3-ஐ வைப்போம் என்று தோன்றும். வைக்காதீர்கள். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்டு முறை மாற்றிக்கொள்வார்கள். 3-இல் இருப்பவரின் பேச்சு இருபக்கத்துக்கும் புரியாத இரைச்சலாக விழும், அவர்களுடையது இவருக்கும் அப்படியே. மூன்றில் எது காலியோ அதில் போய் உட்காருங்கள், சேனல் அகலத்தை 40-இலிருந்து 20-ஆகக் குறையுங்கள். அகலம் கூடினால் வேகம் கூடும் என்று பெட்டி சொல்வது தனி வீட்டுக்குப் பொருந்தலாம், அடுக்குமாடிக்குப் பொருந்தாது.

5 கிகாஹெர்ட்ஸில் நிலைமை எவ்வளவோ மேல். 2018-இல் மத்திய அரசு அங்கே 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்த விட்டது. அதற்கு ஏற்ற பெட்டி இருந்தால் முழுதாக அங்கே மாறிவிடுங்கள். அப்புறம் ஒன்று: 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் திடீரென்று காணாமல் போய், ஒரு நிமிடம் கழித்துத் திரும்பி வருகிறதா? 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடாரோடு பங்கிடப்பட்டவை. ரேடார் சத்தம் கேட்டதாகப் பெட்டி நினைத்தால் உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும், அதே வகைச் சேனலுக்குப் போனால் அங்கே ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். சேனலை 36 அல்லது 149 என்று நிலையாக வைத்தால் இது நின்றுவிடும்.

யாரோ ஏதோ அனுப்பும்போது வீடியோ கால் உறைகிறது

ஸ்பீடு டெஸ்ட்டில் நல்ல எண் வரும். ஆனால் மகள் ஆன்லைன் வகுப்பில் இருக்கும்போது அம்மாவின் போன் கல்யாணப் போட்டோக்களை மேலே ஏற்ற ஆரம்பித்தால் வகுப்பு உறைந்துவிடும். பெட்டிக்குள் ஒரு காத்திருப்பு அறை இருக்கிறது. வெளியே போகும் பாதை நிரம்பினால் தரவுகள் அங்கே வரிசையில் நிற்கும். அந்த அறை தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் குரலும் படமும் போட்டோக்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று தாமதமாகும். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பில் இதைத் துரத்திப் பிடித்தார். பஃபர்ப்ளோட் என்று பெயர்.

சோதிப்பது எளிது. 8.8.8.8-க்குப் பிங் ஓடிக்கொண்டிருக்க, ஒரு பெரிய கோப்பை ட்ரைவில் ஏற்றுங்கள். 15 ஆக இருந்தது 300, 400 ஆனால் இதுதான். பெட்டியில் எஸ்க்யூஎம் அல்லது கியூஓஎஸ் என்ற, வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி இருந்தால் இயக்கி, அப்லோடு வேகத்தை உங்களுக்கு நிஜமாகக் கிடைப்பதில் 85, 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள். வரிசை பெட்டியின் பொறுப்புக்கு வந்துவிடும், அது சின்னப் பொட்டலங்களை முன்னால் விடும். அந்த வசதி இல்லாத பெட்டி என்றால் போட்டோ பேக்கப்பை எல்லோரும் தூங்கும் நேரத்துக்கு மாற்றிவையுங்கள். 10 சதவீத வேகத்தை விட்டுக்கொடுத்து நிம்மதியாகப் பேச முடிவது எனக்கு நல்ல பேரமாகத்தான் படுகிறது.

சமையல் நேரத்தில் மட்டும் அறுபடுகிறது

மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது, உங்கள் வைஃபையின் அதே இடம். கதவின் ஓரத்தில் கசியும் துளியளவு அலை உடம்புக்குக் கெடுதல் செய்யாத அளவுதான், ஆனால் வைஃபைக்கு அது பெரும் இரைச்சல். அடுப்புக்குள் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து ஓடவிட்டுப் பிங்கைப் பாருங்கள். காலியாக ஓட்டாதீர்கள், அடுப்பு கெட்டுவிடும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் தீர்ந்தது. லேப்டாப்பில் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் செருகியதும் வைஃபையோ வயர்லெஸ் மவுஸோ தடுமாறுவதும் இதே வகைதான். அந்த இணைப்பின் இரைச்சலும் 2.4 பக்கம் விழுகிறது. டிஸ்க்கைக் கொஞ்சம் நீளமான, நல்ல கவசமுள்ள கேபிளில் தள்ளி வையுங்கள்.

ஒரே ஒரு கருவியில் மட்டும்

மற்ற போன்களில் நன்றாக இருந்தால் பெட்டியைத் தொடாதீர்கள். அந்தக் கருவியில் விபிஎன் ஓடுகிறதா, பேட்டரி சேவர் இருக்கிறதா என்று பாருங்கள். நெட்வொர்க்கை மறந்துவிடச் சொல்லி மறுபடி இணையுங்கள். வீட்டில் இரண்டு ரவுட்டர் இருந்தால், பக்கத்தில் ஒன்று இருக்கும்போதே தூரத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு விடாத போன்கள் உண்டு. வைஃபையை அணைத்துப் போட்டால் சரியாகும். மாறாக, எல்லாக் கருவியும் 54 எம்பிபிஎஸ்-க்கு மேல் இணையாவிட்டால் பெட்டியில் வைஃபையின் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். பழைய டிகேஐபி-யில் இருந்தால் வேகம் அங்கேயே நின்றுவிடும். டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 என்று மாற்றுங்கள்.

பக்கம் திறக்கத்தான் நேரமாகிறது, திறந்தபின் வேகம்

பெயரை முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் தாமதிக்கிறது. பெட்டியிலோ கருவியிலோ டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று வைத்துப் பாருங்கள்.

தானாகவே அணைந்து எரிகிறது

எல்லா விளக்கும் ஒருசேர அணைந்து மறுபடி வந்தால் பிரச்சினை மின்சாரத்தில். கரண்ட் போனால் நெட் போகக்கூடாது என்று வாங்கிய மினி யுபிஎஸ்ஸின் பேட்டரி இரண்டு வருடத்தில் தேய்ந்திருக்கும், அல்லது பெட்டி கேட்கும் ஆம்பியரை அது தராது. யுபிஎஸ்ஸை எடுத்துவிட்டு, பெட்டியோடு வந்த அடாப்டரை நேராகச் செருகி ஒரு நாள் ஓட்டுங்கள். மாற்று வாங்கும்போது பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட் அப்படியே இருக்க வேண்டும், ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். வெயில் காலத்தில் பெட்டியைத் தொட்டால் சுடுகிறதென்றால் மேலே போட்டிருக்கும் துணியையும் செட்டாப் பாக்ஸையும் எடுத்துவிட்டு, அடியில் காற்றுப் போக இடம் விடுங்கள்.